அடி ஒருத்தருக்கு, புத்தகம் இன்னொருத்தருக்கு

நான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே குத்து, ஷேர் ஆட்டோவில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் சில்லறை எடுக்கப் பையில் கைவிட்டார், முழங்கை என் மூக்கில் வந்து இறங்கியது. இரண்டு நாள் வீக்கம். அப்படிப்பட்டவன் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு முழுக்கக் குத்துச்சண்டைப் புத்தகங்கள். வருகிற விருந்தாளி அலமாரியைப் பார்ப்பார், என் தோளைப் பார்ப்பார், மறுபடி அலமாரியைப் பார்ப்பார். பிறகு எதுவும் கேட்காமல் காபியைக் குடிப்பார்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்தப் புத்தகங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தான். அடி வாங்கியவன் ஐஸ் கட்டியைத் தேடிப் போய்விடுவான். பேனாவைத் தேடுகிறவன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். பார்த்தவன் பார்த்ததோடு நின்றானா என்றால் அதுதான் இல்லை. ‘நானும் ஒரு கை பார்க்கிறேன்’ என்று சட்டையைக் கழற்றிக்கொண்டு மேடையேறினான். வீரர்களின் வரலாற்றைவிட இந்த ஆசாமிகளின் வரலாறுதான் எனக்குப் பிடித்தது.

நியாயமாகச் சொன்னால், ஆரம்பத்தில் அடித்தவரே எழுதவும் செய்தார். டேனியல் மெண்டோசா, லண்டன் யூதர். ஐந்தடி ஏழங்குலம், 160 பவுண்டு எடை. அதுவரை இங்கிலாந்தில் குத்துச்சண்டை என்றால் இரண்டு எருமைகள் எதிரெதிரே நின்று, முதலில் எது படுக்கிறது என்று பார்ப்பது. மெண்டோசாதான் அடி வரும்போது நகர்ந்துகொள்ளலாம் என்ற புரட்சிகரமான யோசனையைப் பரப்பியவர். நகர்வது கோழைத்தனம் என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள். ரிச்சர்ட் ஹம்ஃப்ரீஸ் என்பவரிடம் 1788-ல் தோற்ற மெண்டோசா, பத்திரிகையில் கடிதம் எழுதினார். ஹம்ஃப்ரீஸ் பதில் கடிதம் எழுதினார். இவர் அதற்கு மறுப்பு எழுதினார். இரண்டு முரடர்கள் வாசகர் கடிதம் பகுதியில் கட்டிப் புரண்டதை லண்டன் மாநகரமே படித்து ரசித்தது. 1789-ல் மெண்டோசா குத்துச்சண்டைக் கலை பற்றி ஒரு கையேட்டை வெளியிட்டார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஹம்ஃப்ரீஸை அடித்து வீழ்த்தினார். புத்தக வெளியீட்டு விழாவுக்கு இதைவிட நல்ல நிகழ்ச்சி நிரல் இருக்க முடியாது.

ஆனால் அந்தக் கையேட்டில் விட்டுப்போன பாடம் ஒன்று உண்டு: முடி வெட்டிக்கொள்வது. மெண்டோசா அடர்த்தியாகத் தலைமுடி வளர்த்திருந்தார். 1795 ஏப்ரலில் எசெக்ஸில் ஜான் ஜாக்சன் என்பவரோடு மோதினார். ஜாக்சன் அவரைவிட ஏகத்துக்கும் பெரிய ஆள். ஒரு கட்டத்தில் ஒரு கையால் மெண்டோசாவின் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பூசை போட ஆரம்பித்தார். நாம் உவமையாகச் சொல்லும் குடுமிப்பிடிச் சண்டை அங்கே சாட்சிகளோடு நடந்தது. சுமார் பத்தரை நிமிடத்தில் கதை முடிந்தது. இது அநியாயம் என்று சிலர் கூச்சல் போட்டார்கள். 1743-ல் ஜாக் பிராட்டன் எழுதி வைத்த விதிகளை எடுத்துப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. தலைமயிர் இடுப்புக்கு மேலேதானே இருக்கிறது?

இந்த ஜாக்சனுக்குச் சரித்திரம் கொடுத்த பட்டப்பெயர் ‘ஜென்டில்மேன்’.

ஜென்டில்மேன் ஜாக்சன் அப்புறம் லண்டன் பாண்ட் தெருவில் பள்ளிக்கூடம் நடத்தினார். பிரபுக்கள் வரிசையில் நின்று குத்தக் கற்றுக்கொண்டார்கள். அதில் ஒருவர் கவிஞர் பைரன். கால் ஊனம், உடம்பு ஏறிவிடுமோ என்ற ஓயாத பயம். வீட்டில் ஒரு மடக்குத் தட்டி வைத்திருந்தார்: ஒரு பக்கம் முழுக்க நாடக நடிகர்கள் படம், மறுபக்கம் முழுக்கக் குத்துச்சண்டை வீரர்கள் படம். இலக்கியக்காரர்கள் இந்த மேடையைச் சுற்றி ஈயாய் மொய்க்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். அரண்மனைக்கும் இவர்கள் தேவைப்பட்டார்கள். 1821-ல் நான்காம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்டபோது வாசலில் ஏவலர் உடுப்பில் நின்றவர்கள் ஜாக்சன் திரட்டி வந்த குத்துச்சண்டைக்காரர்கள். எதிரி நாட்டுப் படை எதுவும் வரவில்லை. வந்துவிடுவாரோ என்று ராஜா பயந்தது தன் சொந்தப் பெண்டாட்டி கரோலினுக்கு. அம்மணி வந்தார், உள்ளே விடவில்லை. பவுன்சர் தொழிலின் ஆதி வரலாறு என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

இந்தக் கூத்தையெல்லாம் புத்தகமாக்கப் பிறந்தவர் பியர்ஸ் ஈகன். 1812 முதல் ‘பாக்சியானா’ என்ற பெயரில் சுமார் பதினேழு வருஷம் தொகுதி தொகுதியாக எழுதித் தள்ளினார். மூக்கு உடைவதை மூக்கு உடைந்தது என்று எழுதினால் அவருக்குத் தூக்கம் வராது. ரத்தம் அவர் பேனாவில் சிவப்பு ஒயினாகக் கொட்டும், பற்கள் தந்தமாகச் சிதறும். ஆளை அடித்துத் துவைப்பதை ‘இனிய சாஸ்திரம்’ என்று அழைத்த புண்ணியவானும் இவரே. பந்தயச் சண்டை சட்டவிரோதம் என்பதால் மாஜிஸ்திரேட் வந்தால் கூட்டம் அப்படியே எல்லை தாண்டி அடுத்த மாவட்டத்துக்கு ஓடிப் போய்க் கயிறு கட்டும். ஈகனும் கூடவே ஓடுவார். இடைப்பட்ட நேரத்தில் லண்டன் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், அதில் ஊர் சுற்றும் இரண்டு நண்பர்களின் பெயர் டாம், ஜெர்ரி. ஆமாம், அந்தப் பெயர் ஜோடி ஊர் வாயில் விழுந்தது அப்போதுதான். பூனையும் எலியும் வெகு காலம் கழித்துக் குடிவந்தவை.

ஈகனைப் படித்துவிட்டுக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட்டைப் படித்தால், திருவிழா மைக்செட் நின்று யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். 1821 டிசம்பரில் ஹங்கர்ஃபோர்டில் பில் நீட்டுக்கும், ‘கேஸ்மேன்’ என்று பெயரெடுத்த டாம் ஹிக்மனுக்கும் சண்டை. ஹாஸ்லிட் அதுவரை குத்துச்சண்டையே பார்த்ததில்லை. தவிர, குடியிருந்த வீட்டுக்காரரின் மகள்மேல் காதல் பித்துப் பிடித்துத் திரிந்த காலம். மனுஷன் எங்கேயாவது கிளம்பினால் போதும் என்று நண்பர்கள் நினைத்திருப்பார்கள். அவர் கிளம்பிய அழகு: முதலில் கோச் வண்டியைத் தவறவிட்டார். நியூபரியில் விடுதி முழுக்க ஜனம், படுக்க இடமில்லை, ராத்திரி பூராவும் ஊர்க் கதை கேட்டுக்கொண்டு விழித்திருந்தார். விடிந்ததும் ஒன்பது மைல் நடை. இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஏறக்குறையப் பாதி தாண்டியும் ஒரு குத்துகூட விழவில்லை. மாநாட்டுக்கு லாரியில் போய்வந்தவர் தலைவர் பேச்சை ஒரு வரியில் முடித்து, வழியில் தின்ற பரோட்டாவை ஒரு மணி நேரம் சொல்வாரே, அதே சுகம். சண்டையில் பதினெட்டாவது ரவுண்டோடு, நிறைய வாய் வீசிய ஹிக்மன் தரையில் கிடந்தார். வழித்துணையாக வந்த ஒரு பயிற்சியாளரை ஹாஸ்லிட் வேறு பெயரில் பிரியமாக எழுதியிருப்பார். நிஜப் பெயர் ஜான் தர்ட்டெல். இரண்டு வருஷம் கழித்து அவரைக் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கில் போட்டார்கள். அந்த வழக்கைப் பற்றியும் ஒருவர் புத்தகம் போட்டார். வேறு யார், ஈகன்தான்.

கையுறை, மூன்று நிமிட ரவுண்டு, பத்து எண்ணுவது எல்லாம் வந்தது 1867-ல். குவீன்ஸ்பெரி பிரபு விதிகள் என்று பெயர். எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். பிரபு செய்தது ஸ்டிக்கர் ஒட்டியது மட்டும். அவருக்கு எழுத்து வேலை எவ்வளவு தூரம் வரும் என்பது பின்னால் தெரிந்தது. தன் மகனோடு பழகிய ஆஸ்கர் வைல்டைத் திட்ட ஒரு சீட்டு எழுதி கிளப்பில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டிய முக்கியமான வார்த்தையிலேயே எழுத்துப்பிழை. வைல்டு சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், வழக்குப் போட்டார். 1895-ல் சிறைக்குப் போனது அவர்தான்.

வைல்டின் குடும்பம் இதற்குப் பழிவாங்கியது என்று நான் ஒரு கட்டுக்கதை வைத்திருக்கிறேன். வைல்டின் மனைவியுடைய அண்ணன் மகன் ஒருவன், ஆர்தர் கிராவன் என்று பெயர் வைத்துக்கொண்டு பாரிசில் கவிஞனாகவும் குத்துச்சண்டை வீரனாகவும் திரிந்தான். 1910-ல் பிரான்சின் அமெச்சூர் சாம்பியன். எப்படி என்றால், எதிராளிகள் வரவில்லை. ஒரு குத்துக்கூடக் குத்தாமல் பட்டம். சொந்தமாகப் பத்திரிகை நடத்தித் தள்ளுவண்டியில் வைத்து விற்றான். இலக்கியப் பத்திரிகை நடத்தும் நண்பர்கள் இந்த வழியைப் பரிசீலிக்கலாம். 1916 ஏப்ரலில், பார்சலோனாவில், இவன் மோதியது யாருடன் தெரியுமா? ஜாக் ஜான்சன். உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்த முதல் கறுப்பர். பட்டத்தை முந்தைய வருஷம்தான் இழந்திருந்தார், அமெரிக்கா திரும்பினால் சிறை என்பதால் ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பணம் வேண்டும். ஆறாவது ரவுண்டில் கவிஞன் மல்லாந்தான். கிடைத்த காசில் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினான். அதே கப்பலில் இருந்த ஒரு நாடுகடத்தப்பட்ட ரஷ்யர், ஒரு ஜெர்மன்காரன் கையால் போர்முனையில் சாவதைவிட அமெரிக்கத் தாடைகளை உடைப்பதே மேல் என்று ஒரு குத்துச்சண்டைக்காரன் சொன்னதாகத் தன் சுயசரிதையில் குறித்துவைத்தார். அந்த ரஷ்யர் ட்ராட்ஸ்கி. ஆகவே என் அலமாரியில் ‘என் வாழ்க்கை’யும் குத்துச்சண்டைத் தட்டில்தான் இருக்கிறது. பார்த்த தோழர் ஒருவர் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

சரி, பாரிஸ் என்றதும் 1929 கோடைக்கு வந்தாக வேண்டும். எழுத்தாளர்கள் குத்துச்சண்டை போட்ட வரலாற்றில் இதுதான் உச்சம்.

எர்னஸ்ட் ஹெமிங்வேக்கு அப்போது ஊரெல்லாம் பெயர். வேட்டை, காளைச்சண்டை, குத்துச்சண்டை எல்லாம் தெரிந்த ஆண்சிங்கம் என்ற பிம்பத்தை மிகவும் சிரமப்பட்டுப் பராமரித்துவந்தார். டொரன்டோவில் பத்திரிகை வேலையில் பழக்கமான மோர்லி கல்லகன் பாரிசுக்கு வந்தார். குள்ளமாக, சற்றுப் பூசினாற்போல இருந்த கனடாக்காரர். ஆனால் கல்லூரி நாட்களில் ஒழுங்காகக் குத்தப் பழகியவர். இருவரும் ஒரு கிளப்பில் அடிக்கடி பயிற்சி போட்டார்கள். ஒருநாள் கல்லகனின் குத்தில் ஹெமிங்வேயின் உதடு கிழிந்தது. ஹெமிங்வே வாயிலிருந்த ரத்தத்தைக் கல்லகன் முகத்திலேயே துப்பினார். கேட்டால், காயம்பட்ட காளைச்சண்டை வீரர்கள் அப்படித்தான் செய்வார்களாம். இன்னொரு நாள் நேரம் பார்க்க உட்கார்ந்தவர் ஓவியர் ஹுவான் மீரோ. அவர் கடமையே கண்ணாகக் கடிகாரத்தைப் பார்த்ததால் அசம்பாவிதம் எதுவும் இல்லை.

அசம்பாவிதம் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு உருவத்தில் வந்தது. ‘தி கிரேட் கேட்ஸ்பி’ எழுதிய கையில் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். வேலை சுலபம்: மூன்று நிமிடம் ஆனால் நிறுத்து என்று சொல்ல வேண்டும். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு ஹெமிங்வே என்றால் தெய்வம். அந்தத் தெய்வம் ஒரு குள்ளக் கனடாக்காரரிடம் வகையாக வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தவர், கடிகாரத்தை மறந்தே போனார். கல்லகன் விட்ட ஒரு குத்தில் தெய்வம் தரையில் விழுந்தது. அப்போதுதான் ஃபிட்ஸ்ஜெரால்டு குனிந்து பார்த்தார், ஐயோ, நாலு நிமிடம் ஓட விட்டேனே என்று அலறினார்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். ஹெமிங்வேக்கு மீசையும் இருந்தது, மண்ணும் ஒட்டியது. நான் அடிவாங்குவதைப் பார்க்க ஆசையென்றால் நேரடியாகச் சொல்லியிருக்கலாமே என்கிற ரீதியில் நண்பர்மேல் சீறிவிட்டு, முகம் கழுவப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணல், கடிகாரம். சில மாதங்களில் சங்கதி நியூயார்க் பத்திரிகையில் கை கால் முளைத்து வெளிவந்தது. மறுப்பு வெளியிடச் சொல்லிக் கல்லகனுக்குத் தந்தி போனது. தந்தியில் பெயர் ஃபிட்ஸ்ஜெரால்டுடையது, தூண்டியது ஹெமிங்வே. வருஷம் ஏற ஏற ஹெமிங்வேயின் கடிதங்களில் அந்த ஒரு ரவுண்டின் நிமிடங்களும் ஏறிக்கொண்டே போயின. கல்லகன் பொறுமையாக இருந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு 1940-ல் இறந்தார், ஹெமிங்வே 1961-ல். 1963-ல் கல்லகன் ‘பாரிசில் அந்தக் கோடைக்காலம்’ என்று புத்தகம் போட்டார். முப்பத்துநாலு வருஷம் கழித்து விழுந்த கடைசிக் குத்து அது, எதிராளிகள் இருவரும் எழுந்திருக்க வழியில்லை.

இதற்கெல்லாம் நேர் எதிர், ஏ. ஜே. லீப்ளிங். என்னைக் கேட்டால் இந்த மேடையின் சாம்பியன் அவர்தான். 2002-ல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை நூறு சிறந்த விளையாட்டு நூல்களைப் பட்டியலிட்டபோது முதலிடம் அவருடைய ‘தி ஸ்வீட் சயன்ஸ்’ புத்தகத்துக்கே போனது. ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதியவை, 1956-ல் நூலாக வந்தவை. குண்டு மனிதர், மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதுமளவுக்குச் சாப்பாட்டுப் பிரியர். இளமையில் கொஞ்சம் கையுறை மாட்டிப் பார்த்தவர்தான், ஆனாலும் தன் இடம் நாற்காலி என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ‘சார்பட்டா பரம்பரை’ பார்த்தவர்களுக்குப் பரம்பரை, வாத்தியார் என்றால் புரியும்: லீப்ளிங்கின் வாத்தியார் ஈகன். நூறு வருஷத்துக்கும் முந்தைய ஆளைப் பக்கத்து சீட்டுக்காரர் போல ஒவ்வொரு சண்டைக்கும் துணைக்கு இழுத்துக்கொள்வார். தொலைக்காட்சியில் குத்துச்சண்டை பார்ப்பதை வெறுத்தார். காரணம் அருமையானது: வீட்டிலிருந்து கத்தினால் வீரனுக்குக் கேட்காது, யோசனை சொல்ல முடியாது. ஹாஸ்லிட் போலவே இவருக்கும் போகிற வழி, வருகிற வழி, டாக்சிக்காரர், மதுக்கடைக்காரர் எல்லாரும் முக்கியம். பல கட்டுரைகளில் எனக்குச் சண்டையின் முடிவு மறந்துவிட்டது, யார் என்ன பேசினார்கள் என்பது மறக்கவில்லை.

புத்தகம் 1955 செப்டம்பரில் ராக்கி மார்சியானோ, ஆர்ச்சி மூர் சண்டையோடு முடிகிறது. மூர் பிறந்தது 1913 என்றார் தாயார், 1916 என்றார் மூர். பெற்றவளோடு இந்த விஷயத்தில் வாதாடிய மனிதர் மார்சியானோவை இரண்டாவது ரவுண்டில் விழவைத்து, ஒன்பதாவதில் தானே விழுந்தார். லீப்ளிங் அவரைத் திமிங்கிலத்தைத் துரத்திய கேப்டன் ஏஹாபுக்கு ஒப்பிட்டுக் காவியமாக்கிவிட்டார்.

அந்தக் காவிய நாயகனின் அடுத்த இலக்கியப் பணி 1959-ல் காத்திருந்தது. ‘பாரிஸ் ரிவ்யூ’ ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன், ஒரு சாம்பியனோடு மோதினால் எப்படியிருக்கும் என்று எழுத ஆசைப்பட்டார். நெட்டையர், கொடிக்கம்பம் போல உடம்பு. நியூயார்க் ஸ்டில்மன் ஜிம்மில் மூன்று ரவுண்டு, எதிரே மூர். இதில் ஒரு நண்பர், பிளிம்ப்டன் பெரிய கில்லாடி, உங்களைக் கவிழ்க்கத் திட்டம் வைத்திருக்கிறான் என்று மூரிடம் முன்கூட்டியே கொளுத்திப் போட்டிருந்தார். நண்பர்கள் எதற்கு இருக்கிறார்கள்? பிளிம்ப்டனுக்கு உடம்பிலேயே ஒரு கோளாறு: அடி விழுந்தால் கண்ணீர் கொட்டும். வலியால் அல்ல, அது உடலின் தன்னிச்சையான எதிர்வினை என்று அவரே விளக்குகிறார், நம்புவோம். மூக்கிலிருந்து ரத்தம், கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர். உலக சாம்பியன் ஒருவர், தேம்பி அழும் பத்திரிகை ஆசிரியரைக் கட்டிப்பிடித்தபடி மூன்று ரவுண்டைக் கடத்திய காட்சியை ‘ஷேடோ பாக்ஸ்’ நூலில் படித்துவிட்டு நான் சாப்பிட உட்கார முடியாமல் சிரித்தேன்.

ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் 1987-ல் எழுதிய ‘ஆன் பாக்சிங்’ பற்றி ஒரு வரி: சிறுமியாக அப்பாவோடு போய்ப் பார்த்ததில் தொடங்கி, நிதானமாக யோசித்து எழுதிய புத்தகம், இந்த ஆண்பிள்ளைகள் மாதிரி கையுறை மாட்டிக்கொண்டு குதிக்கவில்லை. அதனாலேயே இந்தக் கட்டுரையில் அவருக்கு வேலை இல்லை.

வேலை இருப்பது 1974-ல், கின்ஷாசாவில். ஜைர் அதிபர் மொபுட்டு ஆளுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து முகமது அலியையும் ஜார்ஜ் ஃபோர்மனையும் கூட்டிவந்தார். செப்டம்பர் 25 தேதி குறித்தாயிற்று. எட்டு நாள் முன்பு பயிற்சியில் ஒருவரின் முழங்கை பட்டு ஃபோர்மனின் கண்ணுக்கு மேலே கிழிந்தது. (முழங்கையின் மகிமை எனக்குத் தெரியும்.) முகூர்த்தம் அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. கல்யாணம் தள்ளிப்போனால் வீட்டில் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் என்ன ஆவார்களோ, அதுதான் எழுத்தாளர்கள் கதையும் ஆனது. நார்மன் மெய்லர், பிளிம்ப்டன், ஹன்டர் தாம்ப்ஸன் என்று அந்த ஊரில் கூடியது ஒரு இலக்கியக் கருத்தரங்குக்குச் சமம்.

மெய்லர் சாதாரண ஆள் இல்லை. 1971-ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்கு முன்பு சக எழுத்தாளர் கோர் விடாலைத் தலையால் முட்டியவர். ‘தி ஃபைட்’ நூலில் தன்னைத் தானே ‘நார்மன்’ என்று படர்க்கையில் எழுதுகிறார். நம் மேடைகளில் தன் பெயரைத் தானே சொல்லிப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஒருநாள் ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுக் குடித்தபிறகு, நடுச்சாமம் தாண்டி அலியோடு ஓட்டப்பயிற்சிக்குக் கிளம்பினார் நார்மன். அலி போய்விட்டார். நார்மன் பின்தங்கி, இருட்டில் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அப்போது ஒரு சிங்கம் கர்ஜித்தது. இன்னொருத்தன் என்றால் ஓடியிருப்பான். எழுத்தாளர் என்ன யோசித்தார் தெரியுமா? ஹெமிங்வேக்காகக் காத்திருந்த சிங்கம் இதுதான், அவருக்குப் பதிலாகத் தகுதியான ஒரு எழுத்தாளனைத் தேடி வந்திருக்கிறது. சாகும் நேரத்திலும் இலக்கிய வாரிசுரிமை! முகாமுக்கு வந்து சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது அதிபரின் மிருகக்காட்சிசாலைச் சிங்கம், கூண்டில் இருந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வசதியாக விடிகாலை நாலு மணிக்குச் சண்டை ஆரம்பித்தது. 32 வயது அலி, கயிற்றில் சாய்ந்தபடி 25 வயது ஃபோர்மனை அடிக்கவிட்டு, அடிக்கவிட்டு, களைத்ததும் எட்டாவது ரவுண்டில் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் ஊரையே அடித்துக்கொண்டு போவது போல மழை கொட்டியது. மெய்லர் மறு வருஷமே புத்தகம் போட்டார். பிளிம்ப்டன் புத்தகம் 1977-ல் வந்தது.

தாம்ப்ஸன்? ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை செலவு செய்து ஆப்பிரிக்கா அனுப்பிய மனிதர், டிக்கெட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, படம் வரையக் கூட வந்த ரால்ஃப் ஸ்டெட்மனின் புலம்பலையும் சட்டை செய்யாமல், நூற்றாண்டின் சண்டை நடந்த நேரத்தில் ஹோட்டல் நீச்சல் குளத்தில் மல்லாக்க மிதந்துகொண்டிருந்தார். சுற்றிலும் கஞ்சா இலை மிதந்ததாக ஸ்டெட்மன் சொல்கிறார். அந்தக் கட்டுரை கடைசிவரை வரவே இல்லை. என் அலமாரியில் மெய்லருக்கும் பிளிம்ப்டனுக்கும் நடுவே அதற்கு ஒரு இடம் விட்டு வைத்திருந்தேன். போன மாதம் அங்கே மாவடு ஜாடி வந்து உட்கார்ந்துவிட்டது. நகர்த்தச் சொல்லிப் பார்த்தேன். எதிராளி எடை அதிகம், நான் கயிற்றோரம் சாய்ந்துகொண்டேன்.